ஏழாவது கசெற்றின் வால்

உங்கள் பட்டியல்களையெல்லாம் பார்த்துவிட்டேன். "சேகரிப்பிலிருந்து பிடித்த பத்து அல்பங்கள், அட்டைப் படத்தோடு" என்று குழுவில் ஒருவர் கேட்டாலும் கேட்டார், ஒரு கிழமையாக என் கைத்தொலைபேசி முழுக்க மண்டையோடும் சங்கிலியும் எரிகிற கோபுரங்களும்தான். ஒருவர் கண்ணாடி அலுமாரி நிறைய இசைத்தட்டுகளை அடுக்கி வைத்து, பக்கத்தில் தன் வழுக்கைத் தலையையும் சேர்த்துப் படம் பிடித்திருக்கிறார். ஆட்டுவதற்கு மயிர் இல்லாத தலைகளாகிவிட்டோம். ஆனாலும் நம்முடைய சண்டை ஓயவில்லை. பங்க் பெரிதா, மெட்டல் பெரிதா என்று இன்னும் பதினேழு வயதுக்காரர்களைப் போலக் கடிபடுகிறோம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நான் மட்டும் பட்டியல் போடவில்லை என்று கோபித்தீர்கள். என்னிடம் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பத்தைத் தேர்ந்தெடுக்கப் போனால் ஒன்றுதான் கைக்கு வருகிறது. அதற்கும் அட்டைப் படம் இல்லை. சரி, அந்த ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரமே இல்லாத வருடங்கள் உங்களில் பாதிப் பேருக்காவது நினைவிருக்கும். கம்பங்கள் நின்றன, கம்பிகள் இல்லை. பற்றறி தடை செய்யப்பட்ட பொருள். இயக்கத்திடம் பாஸ் எடுக்காமல் யாரும் ஊரைவிட்டு வெளியேற முடியாது. ஒரு பென்ரோர்ச் பற்றறியை வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து, மறுபடியும் வெயிலில் வைத்துப் பாவித்த ஊர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அம்மா, அம்மாவின் தமக்கையான பெரியம்மா, அண்ணை, நான். அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குப் பதினொரு வயது. அண்ணைக்குப் பதினெட்டு, உயர்தரப் பரீட்சை எடுக்க இருந்தார்.

எங்கள் வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். அண்ணைக்குப் பிறகு, எனக்கு முன் பிறந்த அக்கா. ஐந்து வயதில், எண்ணிக்கை சொல்லப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், வளவுக் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். நான் அவளைப் பார்த்ததில்லை. சாமியறையில் படமாக இருந்தாள். பெரியம்மா அவளைச் "சின்னவள்" என்பார். வீட்டில் ஒரு சாமான் காணாமற்போனால் சின்னவள் எடுத்திருப்பாள், கதவு தானாகத் திறந்தால் சின்னவள் வந்திருப்பாள். நான் பிறந்த நாளிலிருந்து அவளுடைய தங்கச்சியாகத்தான் வளர்ந்தேன். ஒரு நாளும் தனியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் மழைக்கு முன்னர் ஏழு கசெற்றுகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. கப்பலில் வேலை செய்த சின்னமாமா எந்தத் துறைமுகத்திலோ வாங்கி, யார் யார் கையாலோ கொடுத்துவிட்டவை. ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தன. முதலாவது, உங்களுக்கெல்லாம் பிடித்த விதமான வேக மெட்டல். இரண்டாவதும் மூன்றாவதும் பங்க். பாட்டுத் தொடங்குகிறது என்று நிமிர்வதற்குள் முடிந்துவிடும். நான்கு, ஐந்து, ஆறு கொஞ்சம் பழைய றொக், கிற்றார் அழுகிற ஜாதி. ஏழாவதுக்கு அட்டை இல்லை. வெறும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் கறுப்புக் கசெற், மேலே நீலப் பேனையால் ஒரு கோடு. அதுதான் எல்லாவற்றிலும் மெதுவானது. ஒரு அடி மத்தளத்தில் விழும். அடுத்த அடி விழுமா என்று நாங்கள் காத்திருப்போம். இடையில் ஒருவன் உறுமுவான். என்ன சொல்கிறான் என்று அண்ணைக்கும் தெரியாது.

கேட்பது எப்படி என்று வெளியூரில் பிறந்த உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். சைக்கிளைத் தலைகீழாக, சீற்றிலும் ஹாண்டிலிலும் நிற்கவைக்க வேண்டும். டைனமோவைப் பின்சில்லோடு முட்டவிட வேண்டும். அதிலிருந்து இரண்டு வயர் ரேப் றெக்கோடருக்கு. ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர் கேட்கலாம். சுற்றுகிறவள் நான். மெல்லச் சுற்றினால் நாடா மெல்ல ஓடும். பாடுகிறவன் கிணற்றுக்குள் இறங்கிவிடுவான். வேகமாகச் சுற்றினால் நுளம்பாகிக் காதுக்குள் ரீங்கரிப்பான்.

"ஒரே சீராச் சுத்து பிள்ளை. மனுசன் சாகப் போறான்," என்பார் அண்ணை.

சீராகச் சுற்றுவதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சுற்றுக்கு ஒரு எண்ணாகப் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்க வேண்டும். பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு. பதினாறாம் வாய்ப்பாடு எனக்குக் கஷ்டம். யோசித்து யோசித்துத்தான் வரும். அந்த யோசனையின் வேகம்தான் பாட்டின் சரியான வேகம் என்றார். இன்றைக்கும் அந்த அல்பங்களில் எதைக் கேட்டாலும் என் வாய் எண்களைச் சொல்லும்.

பழைய மாட்டுக் கொட்டிலில், கிணற்றுக்குப் பக்கத்தில் இதெல்லாம் நடக்கும். மத்தியானம் அம்மாவும் பெரியம்மாவும் கண்ணயரும் நேரம். சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்போம். ஆனாலும் கிணறு அதை எடுத்து, கொஞ்சம் பிந்தி, இன்னும் கொஞ்சம் தாழ்த்தித் திருப்பித் தரும். ஏழாவது கசெற் ஓடும்போது அந்த உறுமல் எங்களுக்கு முன்னாலும் ஒலிக்கும், முதுகுக்குப் பின்னாலும் ஒலிக்கும். நான் திரும்பிப் பார்ப்பேன். "கிணறும் கேக்குது. கேக்கட்டும்," என்று அண்ணை சிரிப்பார்.

அண்ணைக்கு ஒரு சிநேகிதன் இருந்தார். யாழ்ப்பாணக் கரையிலேயே உள்ள கொழும்புத்துறையில் மீன்பிடிக் குடும்பம். சனிக்கிழமைகளில் வந்து ஒரு கசெற்றை எடுத்துப் போவார், அடுத்த சனி கொண்டுவருவார். கொண்டுவரும்போது வெறுமனே தரக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். கொப்பியும் பேப்பரும் தட்டுப்பாடான காலம். ஆகவே இரண்டாம் பக்கத்தில் பாட்டெல்லாம் முடிந்து மிச்சமாகக் கிடக்கும் நாடாவில் தன் அபிப்பிராயத்தைப் பேசிப் பதிந்து தர வேண்டும். அந்த மிச்சத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வால். "மூண்டாவது பாட்டுத் திறம். அஞ்சாவது சும்மா கத்தல். உன்ரை ரசனையிலை மண்." இப்படி. ஒருவர் பேசிய பிறகு மற்றவர் பதில் சொல்ல இடம் விட்டு வைக்க வேண்டும். நீங்கள் இப்போது குழுவில் செய்வதைத்தான் அவர்கள் ஒரு விரற்கடை நாடாவில் செய்தார்கள்.

ஒரு நாள் கொட்டிலில் வைத்தே அந்தச் சிநேகிதன் தன் வாலைப் பேசினார். அவருக்குக் கட்டைக் குரல். சுற்றியது நான். மாம்பழம் சாப்பிட்ட கை, சோம்பலாகச் சுற்றிவிட்டேன். பிறகு சரியான வேகத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு சின்னப்பிள்ளை கீச்சுக் குரலில் அல்பத்தை விமர்சிக்கிறது. அண்ணை தரையில் உருண்டு சிரித்தார். "பார், நீ சுத்தின சுத்திலை இவன் நேர்சரிப் பிள்ளையாயிட்டான்." ஆகவே எனக்கு அது தெரியும். மெல்லச் சுற்றிப் பதிந்த குரல், வேகமாகப் போட்டால் குழந்தையாகிவிடும் என்று அந்த வளவில் எனக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் பெரியம்மா எங்களைப் பிடித்துவிட்டார். கிணற்றடிக்கு வந்தவர், கிணற்றுக்குள்ளிருந்து உறுமல் வருவதைக் கேட்டு, குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணைக்கு ஏச்சு. எனக்கு அடி. பெண்பிள்ளை, அதுவும் சின்னவள் போன கிணற்றடியில். "உந்தச் சத்தம் அவளைக் கூப்பிடும்," என்றார் பெரியம்மா. அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. இனி அந்தக் கசெற்றுகளைத் தொடமாட்டேன், கேட்கமாட்டேன். மீறினால் அம்மாவுக்கு ஆகாது.

மீறினேன். இரண்டு நாள்கூடப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு முறை சுற்றிவிட்டும் ஓடிப்போய் அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

மழை தொடங்கிய ஒரு காலை, அண்ணை புத்தகப் பையோடு வெளிக்கிட்டார். சாவகச்சேரியில் ஒரு சிநேகிதன் வீட்டில் மூன்று நான்கு நாள் தங்கிப் படிக்கப் போவதாகச் சொன்னார். படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி, அம்மாவின் கையில் ஏழாவது கசெற்றைக் கொடுத்தார்.

"அம்மா, இதின்ரை கடைசியை ஒருக்காக் கேளுங்கோ. பாட்டு வேண்டாம், கடைசி மட்டும்."

"உதிலை என்னப்பு கிடக்கு?"

"கேளுங்கோவன். மெல்லமாச் சுத்தோணும். மெல்லமாச் சுத்தினாத்தான் விளங்கும்."

என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் முதல்நாள் மத்தியானம் கொட்டிலில் அவர் தனியாகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருந்ததைக் கண்டிருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. கிட்டப் போனபோது "போ பிள்ளை, பிறகு வா" என்று துரத்திவிட்டார். சுற்றுகிறவள் இல்லாமல் ஒரு கையால் தானே சுற்றிக்கொண்டு ஏதோ செய்தார். எனக்கு அது பெரிய அவமானம். அந்தக் கோபம் இன்னும் இருந்தது. அவர் சைக்கிளில் ஏறிப் போனதை நான் பார்க்கவேயில்லை.

அண்ணை கெட்டிக்காரர். ஆனால் சுற்றச் சொன்ன சைக்கிளைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறார் என்பதை யோசிக்கவில்லை.

மகன் தனக்காகத் தேவாரம் ஏதோ பாடிப் பதிந்திருக்கிறான் என்று அம்மா நினைத்தார். பெரியம்மாதான் வழி சொன்னார். அயலில் இளைப்பாறிய கொம்பவுண்டர் ஒருவர் இருந்தார். செய்தி கேட்பதற்காக லொறி பற்றறி ஒன்றை வீட்டில் வைத்திருந்தார். ஒழுங்கை முழுக்க அவரிடம்தான் போகும். அன்று மத்தியானமே நாங்கள் மூன்று பேரும் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வயர்களை முறுக்கிப் பூட்டினார். "கொஞ்சம் கூடின கரண்ட். பரவாயில்லை, சத்தம் நல்லா வரும்," என்றார்.

கடைசிப் பாட்டின் நடுவிலிருந்து ஓடத் தொடங்கியது. எனக்கு உடனே தெரிந்தது. அந்த மெதுவான பாட்டு, ஒரு அடிக்கு அடுத்த அடி வருமா என்று காத்திருக்கவைக்கும் பாட்டு, குதிரை மாதிரி ஓடியது. உறுமுகிறவன் பூனையாகிக் கத்தினான். மற்ற மூன்று பேருக்கும் அதில் வித்தியாசம் எதுவும் இல்லை. அவர்களுக்கு அது எந்த வேகத்திலும் ஒரே கூச்சல்தான். பாட்டு முடிந்தது. இரைச்சல். பிறகு ஒரு சின்னப்பெண்ணின் குரல்.

எண்ணியது. கீச்சுக் குரலில், மூச்சு விடாமல் எண்ணியது. பிறகு "அம்மா" என்றது. பிறகு சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடின. "தண்ணி" என்று ஒரு இடத்தில் கேட்டது. "வாங்கோ" என்று கேட்டது. "மூண்டு நாள்." மறுபடி "அம்மா." பிறகு ஒன்றுமில்லை. சில்லு சுற்றும் இரைச்சல் மட்டும்.

கொம்பவுண்டர் வயரைப் பிடுங்கிவிட்டார். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்தார்.

"சின்னவளெல்லே," என்றார். "எண்ணுறாள். அப்பதானே எண்ணப் பழகினவள். உன்னைத் தண்ணிக்குக் கூப்பிடுறாள். மூண்டு நாளாம்."

அம்மா அழவில்லை. "ஓம் அக்கா, அவள்தான்," என்று மட்டும் சொன்னார். அவருடைய முகத்தில் பயத்தைவிட வேறு ஏதோ இருந்தது. பதினொரு வருடத்துக்கு மேல் கேட்காத குரலைக் கேட்ட முகம்.

நான் அங்கே நின்றேன். வேகம் கூடிவிட்டது, பாட்டே இப்படி ஓடாது, மெல்லமாகச் சுற்றச் சொன்னவர் அண்ணை என்று எனக்குத் தெரியும். எண்களில் முதலாவது பதினாறு என்பதும் என் காதில் விழுந்தது. வாயைத் திறந்தால் "உனக்கெப்படிப் பாட்டின்ரை வேகம் தெரியும்?" என்று கேட்பார்கள். சத்தியத்தை மீறினேன் என்று ஒத்துக்கொண்டால் அந்தக் கணமே அம்மா விழுந்து சாவார் என்று நினைத்தேன். இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. எனக்கும் அது அவளுடைய குரலாகத்தான் கேட்டது. நாங்கள் கொட்டிலில் வாய்ப்பாடு சொல்லும்போதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து அவளும் கேட்டுப் பழகியிருக்கிறாள் என்றுதான் என் புத்தி போனது. தெரிந்ததையும் நம்பினேன், அதையும் நம்பினேன். பதினொரு வயதில் இரண்டையும் ஒன்றாக நம்ப முடிகிறது.

பெரியம்மா அம்மாவை உள்ளறையில் வைத்துப் பூட்டினார். மூன்று நாளும் தண்ணீரைக் கண்ணில் காட்டக்கூடாது. குளிப்பு இல்லை, முகம் கழுவுவது இல்லை. குடிப்பதற்குப் பெரியம்மாவே கரண்டியால் வாயில் ஊற்றினார். வாசலில் வேப்பிலை. கதவடியில் காவலுக்கு நான்.

இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்.

"பிள்ளை, திறவம்மா. ஆரோ என்ரை வழி பாத்துக்கொண்டிருக்கிற மாதிரிக் கிடக்கு. நான் ஒருக்காப் போகோணும்."

"எங்கையம்மா?"

"தெரியேல்லை. போனாத் தெரியும்."

பூட்டின் திறப்பு என் மடியில் இருந்தது. பெரியம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் திறக்கவில்லை. தட்டுவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. மூன்றாம் நாள் பொழுது பட்டதும் பெரியம்மா கதவைத் திறந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "கண்டம் கழிஞ்சுது," என்று அழுதார். நானும் அழுதேன். அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று.

ஐந்தாம் நாள் கொழும்புத்துறைச் சிநேகிதனின் தகப்பன் எங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். படலைக்குள் வரவே தயங்கினார். துறைக்குப் பக்கத்தில், மீன்பிடிகாரர் தங்கி இப்போது பாவிக்காத பழைய வாடி ஒன்றுக்குள் சைக்கிள் நின்றதாம். தலைகீழாக, சீற்றிலும் ஹாண்டிலிலும். காற்றுக்குப் பின்சில்லு சுற்றிக்கொண்டிருந்ததாம். அவருடைய மகனின் றெக்கோடரும் பக்கத்தில் கிடந்ததாம்.

"மூண்டு நாளா வாடிக்குள்ளையிருந்து ஏதோ உறுமிக் கேட்டது," என்றார். "முனி எண்டு சனம் கிட்டப் போகேல்லை. நானும் போகேல்லை."

நான்காம் நாள் விடியற்காலையில் ஒரு படகு இரண்டு பெடியன்களை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டதை யாரோ கண்டிருக்கிறார்கள். அது மறுகரைக்குப் போய்ச் சேரவில்லை. ஒன்றும் கரையொதுங்கவும் இல்லை. அண்ணை ஏன் சாவகச்சேரிக்குப் போகாமல் அங்கே போனார் என்று யாருக்கும் விளங்கவில்லை. பெரியம்மாவுக்கு விளங்கியது. தாயைக் கூப்பிட்டவளுக்குத் தாய் கிடைக்கவில்லை, தமையனைக் கொண்டுபோய்விட்டாள். முப்பத்தோராம் நாள் கடற்கரையில் அந்தியேட்டிச் சடங்கு செய்தோம். அம்மா கடலைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அம்மா பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வசனம்தான். "இரண்டும் ஒண்டாத்தானே இருக்குதுகள்." முப்பது வருடத்துக்கு மேலாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இடம்பெயர்ந்தபோது அந்தச் சைக்கிளில்தான் பானை சட்டியெல்லாம் கட்டித் தள்ளிக்கொண்டு போனோம். ஏறி ஓட்ட யாரையும் விடவில்லை, பிறகு இதே வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும். ஏழாவது கசெற் மஞ்சள் துணியில் சுற்றிப் பெரியம்மாவின் மடிக்குள் வந்தது. சின்னவளின் குரல் அல்லவா, எறியவும் முடியாது, கேட்கவும் முடியாது. பெரியம்மா இறந்து ஐந்து வருடமாகிறது. அதன் பிறகும் அந்தத் துணியை நான் அவிழ்க்கவில்லை. ஊர்ப்பட்ட இரைச்சலையெல்லாம் வாங்கி அடுக்கியவள், அந்த ஒன்றைத் தொடவில்லை. உங்கள் பட்டியல் வராவிட்டால் இன்னும் தொட்டிருக்கமாட்டேன். ஆகவே பழியில் உங்களுக்கும் பங்கு உண்டு.

போன மாதம் றெக்கோடரை யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்துகிறவரிடம் கொடுத்து, உள்ளே உக்கிப்போன பெல்றை மாற்றி எடுத்தேன். அம்மா படுத்திருந்த ஒரு மத்தியானம், மின்சாரத்தில் பூட்டிப் போட்டேன். கடைசிப் பாட்டு அதன் சரியான வேகத்தில், அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் காத்திருந்து காத்திருந்து முடிந்தது. பிறகு இரைச்சல். பிறகு அந்தச் சின்னப்பெண். எனக்கு நாற்பத்தைந்து வயது கடந்துவிட்டது, ஆனாலும் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

குரலின் வேகத்தைக் குறைக்கக் கணினியில் வழி இருக்கிறது என்று உங்களில் ஒருவர் சொல்வீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் மெல்லமாகச் சுற்றச் சொன்னவர் சுற்றத்தான் சொன்னார். கொட்டிலிலிருந்து சைக்கிளை எடுத்தேன். டைனமோவைக் கழற்றி எண்ணெய் விட்டேன். கவிழ்த்து வைத்து, வயரைக் கொழுவி, ஒரு கையால், இடது கையால், களைத்த மனிதன் சுற்றுவது மாதிரிச் சுற்றினேன்.

அந்தப் பெண்பிள்ளை மெல்ல மெல்ல வளர்ந்தாள். குரல் தடித்தது. சொற்கள் ஒன்றையொன்று விட்டு விலகின.

"பதினாறு... முப்பத்திரெண்டு... நாப்பத்தெட்டு... அம்மா, நான்தான். எழுதி வைச்சா ஆரும் பாப்பினம், அதுதான் இதிலை கதைக்கிறன். நான் சாவகச்சேரிக்குப் போகேல்லை. கொழும்புத்துறையிலை, துறைக்குப் பக்கத்திலை வெறும் வாடியொண்டு கிடக்கு, அதுக்குள்ளை நிப்பம். பாஸ் இல்லாமல் தண்ணி கடக்கப் போறம். படகு வர மூண்டு நாளாகும். அவனுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன், இனி மாட்டன் எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு. ஆனா எனக்குப் பயம், அம்மா. நீங்கள் வாங்கோ. வந்து போகாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் திரும்பி வந்திடுவன். மூண்டு நாளும் வழி பாத்துக்கொண்டிருப்பன், அம்மா."

பிறகு பேசவில்லை. ஆனால் சுற்றுவதை நிறுத்தவில்லை. நாடா ஓடிக்கொண்டேயிருந்தது. பதில் சொல்ல இடம் விடுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

திருநெல்வேலியிலிருந்து கொழும்புத்துறைக்கு நடந்தால் ஒரு மணித்தியாலம். கொஞ்சம் கூடலாம். அம்மா அப்போது நன்றாக நடப்பார்.

நான் அழுதேனா என்று தெரியாது. கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டும் ஒன்றாக இருக்கின்றன என்று இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு இருப்பவரிடம், உங்கள் மகன் மூன்று நாள் உங்கள் வழி பார்த்துக்கொண்டு இருந்தான், நீங்கள் பூட்டிய அறைக்குள் இருந்தீர்கள், திறப்பு என் மடியில் இருந்தது என்று சொல்வதா? சொல்லாமல் விடுவது என்று முடிவெடுத்து நிமிர்ந்தால், அம்மா கொட்டில் வாசலில் ஊன்றுகோலோடு நிற்கிறார். எண்பத்திரண்டு வயது. நாங்கள் கத்திப் பேசினாலும் கேட்காத காது.

"இன்னொருக்காச் சுத்து," என்றார்.

சுற்றினேன். றெக்கோடரில் காதை வைத்துக் கேட்டார். முடிந்ததும் மறுபடி "இன்னொருக்கா" என்றார். மூன்றாம் முறை கேட்டுவிட்டு நிலத்தில் இருந்தார். நெடுநேரம் சைக்கிள் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதைச்சு முடிஞ்ச பேந்து ஏன் ஒண்டுமில்லாமல் ஓடுது?"

"பதில் சொல்ல இடம் விட்டிருக்கிறார், அம்மா. அண்ணையாக்கள் அப்பிடித்தான் செய்யிறவை."

"இப்பவும் சொல்லலாமோ?"

நான் அண்ணையின் பேச்சு முடிந்த இடத்தில் நாடாவை நிறுத்தினேன். பதிகிற விசையை அழுத்திவிட்டுச் சுற்றினேன். கை களைத்திருந்தது, மெல்லத்தான் சுற்ற முடிந்தது. அம்மா குனிந்து, படலையில் நிற்கிற ஒருவரிடம் சொல்வதுபோல, சத்தம் போடாமல் சொன்னார்.

"போகாதை அப்பு. நில்லு. நான் வாறன்."

சரியாகப் பதிந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார். அவருக்குச் சுற்றிக் காட்ட என் கையில் பலம் இல்லை. றெக்கோடரை வீட்டுக்குள் கொண்டுபோய் மின்சாரத்தில் பூட்டினேன். யோசிக்காமல்தான் செய்தேன். இரைச்சல் ஓடியது. பிறகு, எண்பத்திரண்டு வயதுக் குரல் வரவேண்டிய இடத்தில், ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது. தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக. போகாதை அப்பு. நில்லு. நான் வாறன்.

எனக்கு ஏன் என்று தெரியும். மெல்லச் சுற்றிப் பதிந்த எதுவும் அப்படித்தான் கேட்கும். தெரிந்தும் சாமியறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா பயப்படவில்லை. கொம்பவுண்டர் வீட்டில் கண்ட அதே முகம்.

"பாத்தியே," என்றார். "நான் போகேலாமல் கிடந்தன். அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள்."

அன்றிரவு அம்மா நன்றாக நித்திரை கொண்டார். அன்றைக்கு ஏன் பூட்டினோம், திறப்பு யாரிடம் இருந்தது என்று கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும்.

இதுதான் என் பட்டியல், ஒரே ஒரு அல்பம். பாட்டுகள் ஐந்து, எல்லாம் திறம். இரவல் தரமாட்டேன். வாலில் இன்னும் ஒரு விரற்கடை நாடா மிச்சம் இருந்தது. வேகம் பிழை என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதை அதில் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு கையால் சுற்றிக்கொண்டு பேசுவது லேசான வேலையில்லை. பதினாறு என்றேன், முப்பத்திரண்டு என்றேன், நாற்பத்தெட்டு என்றேன். நாடா முடியும்வரை எண்ணிக்கொண்டேயிருந்தேன்.